அவர் கேட்ட எண்ணெய்

“எண்ணெய்” என்றார்.

நல்லெண்ணெய் எடுத்து வந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார். தேங்காய் எண்ணெயோ என்று அதைக் கொண்டுவந்து காட்டினேன். அதுவும் இல்லை. கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் வரைக்கும் கட்டிலில் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தவர், இடது கையால் அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். விளக்கெண்ணெய் மூடி கழன்று விரிப்பு முழுக்க ஓடியது. விளக்கெண்ணெய்க் கறை லேசில் போகிற கறையா?

“எண்ணெய்!” என்றார் மறுபடியும், உரக்க.

எனக்கு வந்ததே கோபம். “எண்ணெய்க் கடைக்காரருக்கு வாக்கப்பட்டு எந்த எண்ணெய்னு தெரியாம நிக்கேன். எந்தக் கருமத்தத்தான் கேக்குறீக?” என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

என் வீட்டுக்காரர் ரத்தினவேல் பக்கவாதத்தில் விழுந்ததையும், மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு விருதுநகர் திரும்பியதையும் போன வாரம் எழுதியிருந்தேன். “பேச்சு வந்துச்சா இல்லையா, அதச் சொல்லாம முடிச்சுட்டீகளே” என்று ஒரு வாசகி போனில் சண்டைக்கே வந்துவிட்டார். சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு ஒரு காரைப் பற்றியும், அதன் வயிற்றுக்குள் ஊற்றுகிற ஆயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு இல்லாத குணம் உங்களுக்காவது இருக்கட்டும்.

மிச்சமிருந்த வார்த்தை

வலது கையும் காலும் மெல்ல மெல்ல அசையத் தொடங்கிவிட்டன. பேச்சுதான் வரவில்லை. அதிலும் முழுக்கப் போய்த் தொலைந்திருந்தால் ஒரு தினுசு. எல்லா வார்த்தையும் போய், ‘எண்ணெய்’ மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் பிழைப்பே அதுதான் என்பதால் அது மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

வாயால் வாழ்ந்த மனிதர் அவர். மல்லாங்கிணறு பக்கத்து எள்ளுக்காரர்களிடம் பேரம் பேச ஆரம்பித்தால் அவர்களே அசந்துபோய் டீ வாங்கிக் கொடுப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வருகிற பேச்சில் பெரும்பங்கு முதல் சில மாதங்களில்தான் வரும், அப்புறம் வருவது கொஞ்சம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. இனி இந்த ஆயுசுக்கு இவர் நம்மோடு பேசவே மாட்டாரோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து ஒரு பெண் வந்துபோனாள். சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. “வார்த்தை உள்ளதாம்மா இருக்கு. அவர் தேடிப் போறப்ப பக்கத்து வீட்டு வார்த்தை முந்திக்கிட்டு வந்து நின்னுடுது. அவர் திணறும்போது நீங்க எடுத்துக் கொடுத்துடாதீங்க. காத்திருங்க” என்றாள்.

காத்திருப்பதா, நானா! வரிசையில் முன்னால் நிற்பவர் சில்லறை தேடினால்கூட எனக்குக் கை பரபரக்கும். அவர் வாயைத் திறந்தால் போதும், “தண்ணியா? போர்வையா? ஃபேனைக் குறைக்கவா?” என்று நானே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ராக்கெட்

கார் கதைக்கு வருகிறேன். ஊரில் காசுள்ளவர்கள் உயரமாக, அகலமாக, கல்யாணத்துக்குப் போனால் குடும்பமே இறங்குகிற மாதிரி வண்டி வாங்குவார்கள். இவர் கோயம்புத்தூர் போய், ஒருத்தர் வைத்திருந்து விற்ற வெளிநாட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். தாழ்வான வண்டி. காற்றை உள்ளே திணித்து வேகம் கூட்டுகிற டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின். பின் சீட்டில் மனுசர் உட்கார முடியாது, எங்கள் தெரு வேகத்தடையில் வயிறு உரசும். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சிவகாசிப் பக்கத்து ஆட்கள் எதற்கும் பட்டாசுப் பெயர்தானே வைப்பார்கள், அதற்கு ‘ராக்கெட்’ என்று பெயர் விழுந்தது.

“இம்புட்டு வேகமா எங்க போகப் போறீக? கடை தெரு முக்குலதான இருக்கு” என்று கேட்டேன்.

“போறதுக்கா வாங்குனேன்? போகலாம்ல, அதுக்கு வாங்குனேன்” என்றார். இந்தப் பதிலுக்கு இன்று வரை எனக்கு அர்த்தம் புரியவில்லை.

அந்தக் காருக்கு ஆயில் மாற்றுகிற நாள் எங்கள் வீட்டில் ஒரு விசேஷ நாள். இந்தப் பக்கம் பெரும்பாலும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் ஆயில் மாற்றுவார்கள். அச்சு மெஷின், லோடு வேன், பைக் எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கு ஒருதரம், சந்தனம் பூசுவதற்கு முன்னால். இவர் அப்படி விடமாட்டார். மதுரையில் தெரிந்த கடையில் தானே போய் டப்பாவை வாங்குவார். சாத்தூர் ரோட்டில் இருக்கிற செல்லத்துரை மெக்கானிக்கிடம் கொண்டுபோய், பக்கத்தில் நின்று, கடைசிச் சொட்டு இறங்கும் வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டார். காலி டப்பாவைக்கூட அங்கே விட்டுவிட்டு வரமாட்டார். எவனாவது அதில் கண்டதை ஊற்றி, சீல் வைத்து விற்றுவிடுவான் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தியால் குத்திக் கிழித்துத்தான் குப்பையில் போடுவார். எண்ணெய் வியாபாரிக்குக் கலப்படக்காரன் மேல் இருக்கிற கோபம் அப்படி.

அவர் விழுந்த பிறகு மதினிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகவில்லை. மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். “அது வந்த நேரந்தான் என் தம்பி படுத்துட்டான். தொலைச்சுத் தலை முழுகு” என்பார். சிவகாசியில் காலண்டர் கம்பெனி வைத்திருக்கிற ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்று ஆளையும் பிடித்துவிட்டார். நானும் அரைமனதாகச் சரி என்று சொல்லியிருந்தேன். எனக்கு ஓட்டத் தெரியும்தான், ஆனால் ஆசைப்பட்டு வாங்கியவரே படுத்துக் கிடக்கும்போது வண்டியை வாசலில் வைத்து என்ன செய்ய?

காலை நேரச் சத்தம்

அதுவரைக்கும் பேட்டரி செத்துப்போகக் கூடாதே என்று தினமும் காலையில் நான் காரை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் அப்படியே உறுமவிட்டு அணைப்பேன். பேட்டரி ஒரு காரணம். இன்னொன்று, ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிற அவருக்குக் காதில் விழட்டும், மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும்தான் அவர் “எண்ணெய், எண்ணெய்” என்று ஆரம்பிப்பார். குளிக்கிற நேரம், தலைக்கு எண்ணெய் கேட்கிறார் என்று நானும் எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

விளக்கெண்ணெய் கொட்டிய மறுநாள், காரை அணைத்துவிட்டு உள்ளே வந்தேன். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. வாயைத் திறந்தார். நானும் திறந்தேன். பயிற்சிப் பெண் சொன்னது ஞாபகம் வந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

அவர் இடது கையைத் தூக்கி, எதையோ நீளமாக மேலே உருவுகிற மாதிரி இழுத்தார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

கடையில் டின்னுக்குள் குச்சியை விட்டு எண்ணெய் பார்ப்போமே, அதேதான். “குடோன் சரக்கா? மதினி பாத்துக்கிடுதாக, கவலப்படாதீக” என்றேன். அவர் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வாசலில் நின்ற காரையே பார்த்தார். மறுபடியும் உருவினார், தேய்த்தார், மோந்தார்.

அடி ஆத்தீ! எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் அது சரக்கு. காருக்குள் இருப்பதற்குப் பெயர் ஆயில். அதைப் போய் யாராவது எண்ணெய் என்று சொன்னால் இவரே சிரிப்பார். ஊரில் வேறு எந்த வீட்டில் இவர் எண்ணெய் என்று கத்தியிருந்தாலும், ஒருவேளை கார் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. எண்ணெய்க் கடைக்காரியான எனக்குப் பாட்டில் பாட்டிலாகத்தான் ஞாபகம் வந்தது. ‘ஆயிலை’த் தேடிப் போன மனிதருக்குப் பக்கத்து வீட்டு வார்த்தைதான் கையில் கிடைத்திருக்கிறது.

“ஆயிலா? காருக்கு ஆயிலா?”

அப்படியே தலையணையில் சாய்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. வாய் ஒருபக்கமாகக் கோணிச் சிரித்தது. அவர் கேட்டது எனக்குப் புரிந்துவிட்டது, அவர் சொன்னது ஒரு ஆளுக்காவது போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது!

கூடிப்போன ஆயில்

காரின் முன்மூடியைத் திறந்தேன். ஆயில் பார்க்கிற கம்பி எது என்று அவர் பார்க்கும்போது பார்த்திருக்கிறேன். உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கம்பியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஏறி நின்றது.

யாரும் ஊற்றாமல் எப்படிக் கூடும்? டின்னில் எண்ணெய் தானாகக் கூடியிருந்தால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே ஒரு பெயர்தான், கலப்படம். விரலில் தொட்டுத் தேய்த்தேன். கொழகொழப்பு கம்மி, தண்ணியாக ஓடியது. மோந்து பார்த்தேன். பெட்ரோல்!

செல்லத்துரைக்குப் போன் போட்டேன். “அக்கா, டெய்லி ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டுனீகளா? அதான். எஞ்சின் முழுசாச் சூடாகுறதுக்குள்ள அமத்திருவீக. எரியாத பெட்ரோலு கீழ எறங்கி ஆயில்ல கலந்துரும். ஓடுனா, அந்தச் சூட்டுல ஆவியாகிப் போயிரும். நின்ன எடத்துலயே உறுமுனா எங்க போகும்?” என்றான்.

“சர்வீசுக்கு இன்னும் ரொம்பத் தூரம் போகலாம்னு காருக்குள்ள திரையில காட்டுதேப்பா.”

“அது கிலோமீட்டரத்தானக்கா எண்ணும். வண்டிதான் நகரவே இல்லையே.”

கட்டிலில் கிடந்த மனிதருக்கு இது அத்தனையும் தெரிந்திருக்கிறது. தினமும் காலையில் ஆறுதலுக்கு என்று நான் கேட்கவிட்ட சத்தத்தில், ஆசை ஆசையாய் வளர்த்த எஞ்சின் பாழாவதைக் கேட்டுக்கொண்டு, நிறுத்து என்று சொல்ல வார்த்தையில்லாமல் கிடந்திருக்கிறார். நினைக்க நினைக்க என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னொரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. மூளை ஒன்றும் மங்கவில்லை. உள்ளே என் வீட்டுக்காரர் முழுசாக இருக்கிறார்.

முப்பதா, நாற்பதா

மறுநாள் அவரை முன் சீட்டில் உட்காரவைத்து, பூப்போல ஓட்டிக்கொண்டு செல்லத்துரை ஒர்க்ஷாப்புக்குப் போனேன். சுற்றிலும் லோடு வேன்கள். தீபாவளிப் பட்டாசு சீசன் வரப்போகிறது என்று எல்லாவற்றையும் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஆயிலையும் ஃபில்டரையும் கழற்றி எடுத்தாயிற்று. செல்லத்துரை ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“நம்ம வெயிலுக்குக் கெட்டியா இருக்கணும்க்கா. பட்டாசு லோடு வேனுக்கெல்லாம் இந்த அம்பது நம்பர்தான் ஊத்துறேன்.”

காருக்குள்ளிருந்து கதவைத் தட்டுகிற சத்தம். அவர்தான். வேகமாகத் தலையை ஆட்டினார்.

“அப்ப எதுண்ணே? டப்பாவ நீங்களே கொண்டாந்து நீங்களே கொண்டுபோயிருவீகளே. நான் நம்பரப் பாத்துக்கிடவே இல்லையே” என்று செல்லத்துரை தலையைச் சொறிந்தான்.

வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். அதில் ஐந்து டபிள்யூ முப்பதும் போட்டிருந்தது, ஐந்து டபிள்யூ நாற்பதும் போட்டிருந்தது. இந்த நம்பர் கணக்கை அவர் எனக்கு ஒருதரம் விளக்கியிருக்கிறார். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், நல்லெண்ணெய் உறையாது அல்லவா, அந்த மாதிரி எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சுளுவாக ஓடும் என்பது முதல் நம்பர். கொதிக்கிற சட்டியில் எவ்வளவு கெட்டியாகத் தாக்குப்பிடிக்கும் என்பது இரண்டாவது. ரொம்பக் கெட்டியானால் டர்போவின் சின்ன ஓட்டைகளுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். ரொம்ப இளக்கமானால் மிதித்து ஓட்டுகிற சூட்டில் காக்காது. எஞ்சினுக்குள் இருக்கிற சூட்டுக்கு முன்னால் சாத்தூர் வெயில் ஒரு வெயிலே இல்லை என்பார்.

இவ்வளவும் சொன்ன மனிதர் தான் ஊற்றுவது எது என்று மட்டும் சொல்லவில்லையா, அல்லது சொல்லி நான்தான் காதில் வாங்கவில்லையா!

கார் கதவைத் திறந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். “எந்த நம்பருங்க?” என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அவர் வாயைத் திறந்தார். “எண்... எண்...” வந்தது. நிறுத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. நாக்கு உள்ளே எங்கோ முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. “முப்பதாண்ணே?” என்று செல்லத்துரை ஆரம்பித்தான். “வாய மூடுலே!” என்று ஒரு அதட்டுப் போட்டேன். பாவம், நல்ல பிள்ளை, ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். முப்பது என்று ஒருதரமும் நாற்பது என்று ஒருதரமும் கேட்டால் தலையாட்டிச் சொல்லிவிடுவார். எனக்கு அது தெரியாமலா? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது.

“நா...” என்றார். மூச்சு வாங்கினார். “நாப்... பது.”

“நாப்பது!” என்று செல்லத்துரை கத்தினான். வேன்காரர்கள் கைதட்டினார்கள். நான் அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியாது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

செல்லத்துரைக்கும் உற்சாகம் வந்துவிட்டது. “அண்ணே, அடுத்து எப்ப மாத்தணும்? புத்தகத்துல ஒரு வருசம் போட்டிருக்கே” என்று அவரிடமே கேட்டான். மறுபடி காத்திருந்தோம். “ஆறு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மாசம்.”

வருஷம் முழுக்க நீண்ட தூரம் ஓடுகிற வண்டிக்குத்தான் புத்தகக் கணக்கு. கிட்டத்து ஓட்டமும், செம்மண் புழுதியும், இடையிடையே வெறிகொண்ட மிதியுமாக ஓடுகிற வண்டிக்குப் பாதியிலேயே மாற்றிவிடுவதுதான் நல்லது. அதைச் சொல்ல அவருக்கு இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வண்டியை ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்து மதினியிடம், “அந்தச் சிவகாசிக்காரர்கிட்ட வண்டி விக்கலன்னு சொல்லிருங்க” என்றேன். விஷயத்தைக் கேட்டதும் மதினி மாடத்திலிருந்து விபூதியை எடுத்துத் தம்பி நெற்றியில் பூசிவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். தம்பி பேச வேண்டும் என்று அவர் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும். காலில் கொப்புளம். ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்! மாரியம்மனுக்கா, மதினியின் காலுக்கா, பயிற்சிப் பெண்ணுக்கா, செல்லத்துரைக்கா, யாருக்கு நன்றி சொல்ல என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். கெட்டுப்போன அந்த ஆயிலுக்குக்கூட.

நாலு வழிச் சாலையில்

நாற்பது நம்பர் டப்பா மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் மறுபடி ஒர்க்ஷாப்புக்குப் போனோம். அவர் சீல் பார்த்து, டப்பாவுக்குப் பின்னால் கார் கம்பெனியின் ஒப்புதல் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, கையசைத்த பிறகுதான் செல்லத்துரை மூடியைத் திறந்தான். தேன் நிறத்தில் இறங்கியது. கம்பியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி நிற்கிற அளவுக்கு ஊற்றினான். ஒரு சொட்டு விரலில் வாங்கி மோந்து பார்த்து, நானும் சரி என்றேன்.

அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நாலு வழிச் சாலை காலியாகக் கிடந்தது. எனக்குத்தான் சந்தோஷம் தலைக்கேறியிருந்ததே! அவர் ஆசைப்படுகிற அந்த டர்போ விசில் சத்தத்தைக் கேட்கட்டும் என்று, ரோட்டில் ஏறிய மறுநொடியே ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தேன். ராக்கெட் சீறியது.

என் தோளில் பளீரென்று ஒரு அடி விழுந்தது.

“ஏ... பாக்கியம்!”

காலை எடுத்துவிட்டேன். விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத என் பெயர்.

“ஆறிக்... கெடக்கு. சூடே... றட்டும். அப்புறம்... மிதி.” மூச்சை இழுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது போல. “கூறு... கெட்டவளே!”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் அப்படிச் சொல்லி நான் பதிலுக்கு ஒன்று சொல்லாமல் விட்டதே இல்லை. அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் மூக்கு எல்லாம் ஒழுக, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன்.

சொன்னார்.